நூலில் நடக்கும் பூனை



மாலை ஆறு மணி என்று அழைப்பிதழில் போட்டிருந்தார்கள். ஆறே காலுக்குத் தொடங்குகிறோம். நம் ஊர்க் கணக்கில் இது முன்கூட்டியே தொடங்குவதுதான். முன்வரிசையில் குழந்தைகள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். மகிழ்ச்சி. இன்றைய பேச்சு அவர்களுக்கும் புரியும். புரியாத இடத்தில் அவர்கள் சிரிப்பார்கள். அப்போது பெரியவர்களுக்குப் புரியும்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, ஜெர்மானியப் பொம்மலாட்ட மேடையில் தேவதைக் கதைகள் சிரிப்பு நாடகமான விதம். தலைப்பைப் பார்த்ததும் நண்பர் ஒருவர் கேட்டார்: "ஜெர்மன்காரர்கள் சிரிப்பார்களா?" நியாயமான கேள்வி. தத்துவம் எழுதினார்கள், சிம்பொனி எழுதினார்கள், கார் செய்தார்கள். சிரித்தார்களா? சிரித்தார்கள். எங்கே சிரித்தார்கள், யாரை வைத்துச் சிரித்தார்கள், அதற்கு எத்தனை நூல் தேவைப்பட்டது, இதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

ஒரு தேதியிலிருந்து தொடங்குகிறேன். 1948 பிப்ரவரி 26. ஊர், தெற்கு ஜெர்மனியில் இருக்கும் அவுக்ஸ்பர்க். போர் முடிந்து மூன்று ஆண்டுகூட ஆகவில்லை. இடிபாடுகள் அப்படியே கிடக்கின்றன. இன்னும் நாலு மாதத்தில் பழைய பணமே செல்லாக் காசாகப் போகிறது. அந்த ஊரில், பதினேழாம் நூற்றாண்டில் கட்டிய பழைய பரிசுத்த ஆவி மருத்துவச்சாலைக் கட்டடத்தில் ஒரு சின்ன மேடை. மேடையை மூடியிருப்பது திரைச்சீலை இல்லை. சரக்குப் பெட்டியின் மூடி மாதிரி இரண்டு பலகைகள். பலகைகள் திறக்கின்றன. உள்ளே ஒரு பூனை. பூனை காலில் பூட்ஸ்.

இதுதான் அவுக்ஸ்பர்க் புப்பென்கிஸ்ட. தமிழில் சொன்னால் 'பொம்மைப் பெட்டி'. பிற்காலத்தில் தொலைக்காட்சி வழியாக ஜெர்மனி முழுக்க வீடு வீடாகப் போன குழு. அதன் முதல் நாடகம், பூட்ஸ் போட்ட பூனை.

இதை நிறுவியவர் வால்டர் ஓமிஹென். நகர நாடக அரங்கில் நடிகர், இயக்குநர். போர்க் காலத்திலேயே ஒரு சின்னப் பொம்மை மேடையைச் செய்து வைத்திருந்தார். 1944 பிப்ரவரி 25 இரவு அவுக்ஸ்பர்க் மேல் குண்டு மழை. நாடக அரங்கம் எரிந்தது. அங்கே இருந்த அந்தச் சின்ன மேடையும் சாம்பல். பொம்மைகள் மட்டும் தப்பின. ஏன்? அவற்றை அவர் வீட்டுக்கு எடுத்துப் போயிருந்தார்! மேடை போனது, பொம்மை மிஞ்சியது. நாலு ஆண்டு கழித்து, அதே பிப்ரவரியில் புதிய மேடையைத் திறந்தார். மனைவி ரோஸ உடை தைத்தார். மகள்களும் நூல் பிடித்தார்கள். மகள் ஹன்னலோரே பிற்காலத்தில் ஆயிரக்கணக்கான பொம்மைகளைத் தன் கையால் செதுக்கினார்.

நான் கேட்கிறேன்: எரிந்த ஊரில், முதல் நாடகமாக ஏன் இந்தப் பூனைக் கதை? ஓமிஹென் மனதில் என்ன இருந்ததோ, அவருக்கே வெளிச்சம். ஆனால் கதையை நினைத்துப் பாருங்கள். மாவு அரைக்கும் ஆலைக்காரர் செத்துப் போகிறார். மூத்தவனுக்கு ஆலை. நடுவனுக்குக் கழுதை. கடைசிப் பையனுக்கு? ஒரு பூனை. அவ்வளவுதான் சொத்து. அவன் என்ன யோசிக்கிறான்? இதன் தோலை உரித்துக் கையுறை தைத்துக்கொள்ளலாமா என்று யோசிக்கிறான். அப்போது பூனை வாய் திறந்து பேசுகிறது: எனக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கிக் கொடு, பிறகு பார். கையில் ஒன்றுமே மிஞ்சாதவனுக்கு ஒரு பூனை மிஞ்சுகிறது. அன்று அந்த அரங்கில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இந்தக் கதையின் முதல் காட்சியை யாரும் விளக்கியிருக்க வேண்டியதில்லை.

சரி, இந்தப் பூனை எந்த ஊர்ப் பூனை? இங்கேதான் வேடிக்கை. ஜெர்மன் கதை என்றால் கிரிம் சகோதரர்கள் என்று நமக்கு நினைவு வரும். 1812இல் அவர்கள் வெளியிட்ட முதல் தொகுப்பில் இந்தப் பூனை இருந்தது. 33ஆம் கதை. 1819இல் இரண்டாம் பதிப்பு வந்தது. பூனையைக் காணோம்! என்ன குற்றம் செய்தது? பிரெஞ்சுக்காரர் ஷார்ல் பெரோ 1697லேயே இதே கதையை அச்சில் போட்டுவிட்டார். இது நம் நாட்டுச் சரக்கு இல்லை என்று கிரிம் சகோதரர்கள் பூனையை வெளியே அனுப்பினார்கள். பூனையோடு இன்னொருவனும் வெளியேறினான். அவன் பெயர் நீலத்தாடி. மனைவிகளைக் கொன்று ஓர் அறையில் பூட்டி வைப்பவன். அவனும் பெரோ வீட்டுப் பிள்ளை. அவனுக்கும் அதே தீர்ப்பு.

ஆக, புத்தகத்திலிருந்து விரட்டப்பட்ட பூனை. அது எங்கே போனது? பொம்மை மேடைக்குப் போனது.

விரட்டப்பட்டது பூனை மட்டுமா? இல்லை. அதற்கு எண்பது ஆண்டு முன்பே ஒருவன் விரட்டப்பட்டான். அவனைப் பற்றிச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு நான் இறங்க முடியாது.

அவன் பெயர் ஹான்ஸ்வூர்ஸ்ட். பெயரிலேயே பாதி சாசேஜ். அவர்கள் ஊரில் தின்னும் இறைச்சிக் குழல். நம்மூரில் ஒரு கோமாளிக்கு 'இட்லிசாமி' என்று பெயர் வைத்த மாதிரி. பசி, பயம், சோம்பல், கூர்மையான நாக்கு, இவைதான் அவன் முதல். எந்த நாடகமானாலும் நடுவில் நுழைவான். ராஜா அழுதுகொண்டிருப்பார், இவன் வந்து சாப்பாடு எப்போது என்று கேட்பான். மக்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பேராசிரியர்களுக்குப் பிடிக்கவில்லை. லைப்சிக் நகரில் காட்ஷெட் என்ற பேராசிரியர், நாடகம் என்றால் ஒழுங்கு வேண்டும், இலக்கணம் வேண்டும் என்றார். கரோலினே நாய்பர் என்ற நாடகக் குழுத் தலைவி அவரோடு சேர்ந்தார். 1737இல், லைப்சிக்கில், மேடையிலேயே ஒரு சடங்கு போல நடத்தி ஹான்ஸ்வூர்ஸ்டை நாடு கடத்தினார்கள்.

கோமாளிக்கு நாடு கடத்தல்! எவ்வளவு பெரிய மரியாதை, யோசித்துப் பாருங்கள். தங்களைப் பயமுறுத்தாதவர்களை யாரும் நாடு கடத்துவதில்லையே. ஆனால் அவன் போனானா? வியன்னாவில் லா ரோஷ் என்ற நடிகர் அவனுக்கு வேறு பெயர் வைத்து, காஸ்பெர்ல் ஆக்கி மறுபடி மேடையேற்றினார். ஊர் ஊராகச் சுற்றிய பொம்மலாட்டக்காரர்களோ அவனை விட்டதே இல்லை. பேராசிரியர்கள் பொம்மலாட்டம் பார்க்கச் சந்தைக்கு வருவதில்லை. அதனால் அங்கே அவனுக்கு ஆபத்தில்லை.

ஆக, மேடையிலிருந்து விரட்டப்பட்ட கோமாளி. அவன் எங்கே போனான்? பொம்மை மேடைக்குப் போனான்.

அங்கே போய் என்ன செய்தான்? ஒரே ஒரு உதாரணம் சொல்கிறேன். டாக்டர் ஃபாஸ்ட் கதை. அறிவுக்காக ஆன்மாவைப் பிசாசிடம் விற்ற பண்டிதர். கோதே அதைக் கவிதை நாடகமாக எழுதுவதற்கு வெகு நாள் முன்பே, அது சந்தைப் பொம்மலாட்டம். கோதேக்கு நாலு வயதில், 1753 கிறிஸ்துமஸுக்கு, பாட்டி ஒரு பொம்மை மேடையைப் பரிசாகக் கொடுத்தார் என்பதும், ஃபாஸ்ட் கதையை அவர் முதலில் அறிந்ததே பொம்மலாட்டத்தில்தான் என்பதும் தெரிந்த செய்தி. அந்தப் பொம்மலாட்டத்தில் ஃபாஸ்டின் வீட்டுக்கு வேலைக்கு வருகிறான் காஸ்பெர்ல். மேசையில் மந்திரப் புத்தகம் திறந்து கிடக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கிறான். ஒரு சொல்லைச் சொன்னால் பிசாசுகள் வருகின்றன. இன்னொரு சொல்லைச் சொன்னால் போகின்றன. இவன் என்ன செய்வான்? நீங்களும் நானும் என்றால் பயந்து ஓடுவோம். இவன் விளையாடுகிறான். வா என்கிறான், வருகின்றன. போ என்கிறான், போகின்றன. வா, போ. வா, போ. வா, போ. கடைசியில் பிசாசுகளுக்கு மூச்சு வாங்குகிறது. எந்தப் பிசாசிடம் பண்டிதர் ஆன்மாவை விற்றாரோ, அந்தப் பிசாசு வேலைக்காரன் கையில் மின்விசிறி சுவிட்ச் ஆகிப் போகிறது.

ஃபாஸ்ட் கதையை அவன் கிண்டல் செய்யவில்லை. ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. அதே புத்தகம், அதே மந்திரம், அதே பிசாசு. பசியோடு ஒருவன் அந்தக் கதைக்குள் வந்து நிற்கிறான். தான் ஒரு பெரிய கதைக்குள் நிற்பது அவனுக்குத் தெரியாது. அதுதான் சிரிப்பு. இன்று நான் சொல்ல வந்ததே இந்த ஒன்றுதான், மற்றதெல்லாம் இதற்குச் சாட்சி.

வாருங்கள், மியூனிக் போவோம். ஆண்டு 1858. அங்கே ஒரு பிரபு. ஃபிரான்ஸ் ஃபான் போச்சி. அப்பா வழி இத்தாலி. பவேரிய அரண்மனையில் மூன்று மன்னர்களுக்கு வேலை பார்த்தவர். விருந்தில் யார் எங்கே உட்கார வேண்டும், யார் யாருக்கு முன்னால் குனிய வேண்டும் என்று ஒழுங்கு செய்யும் சடங்கதிகாரி. பிறகு அரண்மனை இசைக்குத் தலைவர். கடைசியில் தலைமை அரண்மனைக் காரியதரிசி மாதிரியான பெரிய பதவி. பகல் முழுக்கச் சடங்கு. அப்படிப்பட்டவர் இரவில் என்ன செய்வார்? படம் போடுவார், பாட்டு எழுதுவார், கேலி செய்வார். அரசு அலுவலர் ஒருவரைப் பாத்திரமாக்கிக் கேலிச்சித்திரத் தொடர் வரைந்தார். உட்கார்ந்து உட்கார்ந்தே வேலை பார்க்கும் அந்த மனிதருக்கு அவர் சூட்டிய பெயரைத் தமிழில் சொன்னால், 'அரசாங்க மூலவியாதிக்காரர்'. இங்கே அரசு அலுவலர்கள் யாராவது இருந்தால் மன்னிக்க வேண்டும். அவர் வரைந்தது பவேரியாவில்தான்.

அதே ஊரில் ஷ்மிட் என்று ஓர் எழுத்தர். யோசஃப் லியோன்ஹார்ட் ஷ்மிட். கோப்பு எழுதிப் பிழைப்பவர், பொம்மைப் பைத்தியம். குழந்தைகளுக்கென்று நிரந்தரமாக ஒரு பொம்மலாட்ட அரங்கம் வேண்டும் என்று ஆசை. பணமில்லை, பொம்மையில்லை, நாடகமில்லை. பிரபுவின் கதவைத் தட்டினார். பிரபு என்ன செய்தார்? ஓய்வு பெற்ற தளபதி ஒருவர் வீட்டில் கிடந்த பொம்மை மேடையை வாங்க வழி செய்து கொடுத்தார். நாடகமும் எழுதிக் கொடுத்தார். 1858 டிசம்பர் 5, முதல் காட்சி. ஷ்மிட் அதற்குப் பிறகு பல பத்தாண்டுகள் காஸ்பெர்லுக்குத் தன் குரலையே கொடுத்தார். ஊர் அவரை 'பாப்பா ஷ்மிட்' என்றது. பிரபுவை 'காஸ்பெர்ல் பிரபு' என்றது. அரண்மனையில் எத்தனை பட்டங்கள் வாங்கினாரோ, இன்று நிலைத்திருப்பது இந்தப் பட்டம்தான்.

போச்சி நாற்பதுக்கும் மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். 1859 முதல் ஆறு தொகுதிகளாக வந்தன. கடைசித் தொகுதி அவர் இறந்த பிறகு. அதில் யார் யார் இருக்கிறார்கள் தெரியுமா? ஹான்சலும் கிரேட்டலும் இருக்கிறார்கள். முள்வேலிக்குள் தூங்கும் இளவரசி இருக்கிறாள். சாம்பலில் உட்கார்ந்திருக்கும் சிண்ட்ரெல்லா இருக்கிறாள். அதோடு, கிரிம் வீட்டிலிருந்து துரத்தப்பட்ட இரண்டு பேரும் இருக்கிறார்கள். நீலத்தாடி இருக்கிறான். பூட்ஸ் போட்ட பூனையும் இருக்கிறது; முட்ஸ்ல் என்று செல்லப் பெயரோடு. கிட்டத்தட்ட எல்லாக் கதைக்குள்ளும் ஒரே ஆள் நுழைகிறான்: காஸ்பெர்ல் லாரிஃபாரி. லாரிஃபாரி என்றால் வெட்டிப் பேச்சு, உளறல் என்று பொருள். வேலைக்காரனாக வருவான், சமையல்காரனாக வருவான், வழி தெரியாமல் வந்துவிட்டேன் என்று வருவான். எப்படி வந்தாலும் தாகத்தோடுதான் வருவான். மியூனிக் அல்லவா? தண்ணீர்த் தாகம் இல்லை அது.

இப்படிப் பேசிக்கொண்டே போனால் உங்களுக்குச் சிரிப்பு வராது. ஒரு காட்சியை இங்கேயே கட்டிப் பார்ப்போமா? இது போச்சி எழுதியது இல்லை. நேற்று இரவு நான் எழுதியது. பிழை இருந்தால் என் தலையில் போடுங்கள்.

கிரிம் கதையில் ராஜாவுக்குக் கவுதாரி என்றால் உயிர். பூனை சாக்கில் பிடித்துக் கொண்டுபோய், என் எசமான் அனுப்பினார் என்று கொடுத்துவிட்டுப் பொன் வாங்கி வருகிறது. கதையில் இவ்வளவுதான். இப்போது அரண்மனைச் சமையலறையில் காஸ்பெர்லை வேலைக்கு வையுங்கள். ராஜா வருகிறார்.

"காஸ்பெர்ல்! பூனையார் கொணர்ந்த கவுதாரிகள் எத்தனை?"

"ஆறுங்க, மகாராசா."

"தட்டில் நான்கு அல்லவா இருக்கின்றன?"

"ரெண்டு பறந்து போச்சுங்க."

"மூடனே! வறுத்த கவுதாரி பறக்குமா?"

"பூட்சு போட்டுக்கிட்டு ஒரு பூனை வந்து பேசிட்டுப் போகுது, அத நம்புறீங்க. வறுத்த கவுதாரி பறந்துச்சுன்னா மட்டும் நம்ப மாட்டீங்களா?"

ராஜா யோசிக்கிறார். தாடியைத் தடவுகிறார். "அதுவும் சரிதான்" என்கிறார். போய்விடுகிறார்.

பார்த்தீர்களா, குழந்தைகள் முதலில் சிரித்துவிட்டார்கள்! இதில் முக்கியமான ஆள் யார்? காஸ்பெர்ல் என்றுதான் சொல்வீர்கள். ராஜா என்பேன் நான். ராஜா சிரித்திருந்தால் நாடகம் செத்தது. ராஜா தன் கதையை முழுக்க நம்ப வேண்டும். இளவரசி அழுதால் உண்மையாக அழ வேண்டும். பூதம் உறுமினால் குழந்தைக்கு வயிற்றில் புளி கரைக்க வேண்டும். அப்போதுதான் நடுவில் வருபவன் கேட்கும் கேள்விக்கு மதிப்பு. எல்லோரும் கோமாளியானால் கோமாளிக்கு என்ன வேலை? பழைய கதையைச் சிரிப்பு நாடகமாக்குகிறேன் என்று இப்போது பலர், ராஜாவையும் குரங்காட்டம் ஆட வைக்கிறார்கள். பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் தலைவலிதான் மிஞ்சுகிறது. போச்சி அரண்மனையில் வேலை பார்த்தவர். ராஜா எவ்வளவு விறைப்பாக நிற்பார் என்று அருகிலிருந்து பார்த்தவர். விறைப்பின் பக்கத்தில் நிறுத்தினால்தான் வளைசல் தெரியும் என்பது அவருக்கு அத்துப்படி.

மொழியிலும் இதே கணக்குதான். என் காட்சியில் ராஜா 'கொணர்ந்த' என்றார். காஸ்பெர்ல் 'போச்சுங்க' என்றான். ஜெர்மன் மேடையிலும் இளவரசர்கள் இலக்கண ஜெர்மன் பேசுவார்கள். மியூனிக் காஸ்பெர்ல் பவேரிய வழக்கில் பேசுவான். அவுக்ஸ்பர்க் காஸ்பெர்ல் ஸ்வாபிய வழக்கில் பேசுவான். பெரிய வார்த்தை ஏதாவது காதில் விழுந்தால் அதைத் தனக்குத் தெரிந்த வார்த்தையாகத் திருப்பிக்கொள்வான். இந்த இடத்தில் மொழிபெயர்ப்பாளர் கதி அதோகதி. அகராதி உதவாது, சொந்தமாகத்தான் யோசிக்க வேண்டும். பெரோ கதையில் பூனை தன் எசமானுக்கு வைக்கும் கள்ளப் பெயர் 'கராபாஸ் பிரபு'. தமிழ்க் காஸ்பெர்ல் இதை என்னவென்று கேட்பான்? "என்னது, கருவாட்டுப் பிரபுவா? அதான் பூன இவரு பின்னாலயே சுத்துதா!"

நம் தோல்பாவைக்கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. இராமாயணத்துக்கு நடுவே உச்சிக்குடும்பன், உளுவத்தலையன் என்ற கோமாளிகள் வந்து என்ன செய்கிறார்களோ, அதுதான் இது. அதைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேச வேண்டும். இன்று வேண்டாம், பேசத் தொடங்கினால் ஜெர்மனிக்குத் திரும்பி வர மாட்டேன்.

இதுவரை கதையைப் பார்த்தோம், கோமாளியைப் பார்த்தோம். இன்னொன்று பாக்கி. நூல்!

ஏன் பொம்மை? இதே நாடகத்தை மனிதர்கள் நடிக்கக் கூடாதா? நடிக்கலாம். லுட்விக் டீக் என்ற எழுத்தாளர் 1797லேயே பூட்ஸ் பூனையை மனிதர்களுக்கான நாடகமாக எழுதினார். கெட்டிக்கார நாடகம். மேடைக்குள்ளேயே ஒரு பார்வையாளர் கூட்டம் உட்கார்ந்து, பூனை எப்படி ஐயா பேசும் என்று சண்டை போடும். ஆனால் அது மேடையேற 1844 வரை காத்திருந்தது. பூனை வேடம் போட்ட மனிதரைப் பார்த்தால் நமக்கு மனிதர்தான் தெரிகிறார். மரப் பூனையைப் பார்த்தால்? மரத்தால் செய்த ராஜா, மரத்தால் செய்த இளவரசி, மரத்தால் செய்த பூனை. மூவரும் ஒரே சாதி. பூனை பேசினால் என்ன, ராஜா பேசினால் என்ன?

இதை நான் புத்தகத்தில் கற்கவில்லை. போன கோடை விடுமுறையில் பேத்தி வந்திருந்தாள். பக்கத்துத் தெரு ஆசாரியிடம் சொல்லி ஒரு மரப் பூனை செய்யச் சொன்னேன். நூல் கட்டுவது நான். தலைக்கு இரண்டு, தோளுக்கு இரண்டு, கைக்கு இரண்டு, முழங்காலுக்கு இரண்டு, முதுகுக்கு ஒன்று. மொத்தம் ஒன்பது. எல்லாம் மேலே ஒரு மரச் சிலுவைக் கட்டையில் வந்து சேர வேண்டும். ஜெர்மன்காரர்கள் அதற்கு 'ஆட்டச் சிலுவை' என்கிறார்கள். நம் கும்பகோணத்துப் பொம்மலாட்டக் கலைஞர்கள் இரும்பு வளையத்தைத் தலையிலேயே மாட்டிக்கொண்டு, நூலை அதில் கட்டி, தாங்களும் சேர்ந்து ஆடுகிறார்கள். என் கழுத்துக்கு அந்த வலு இல்லை. கட்டி முடிக்க இரண்டு மணி நேரம். தூக்கி நடக்க விட்டேன். பூனை மிதக்கிறது! கால் தரையில் படவில்லை. கொஞ்சம் இறக்கினேன். முழங்கால் மடங்கி உட்கார்ந்துவிட்டது. மறுபடி தூக்கினேன். வலது கை தலைக்குப் பின்னால் போய்ச் சிக்கிக்கொண்டது. பேத்தி கேட்டாள்: "தாத்தா, பூனை குடிச்சிருக்கா?"

சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் வந்துவிட்டது. எனக்கு ஒரே எரிச்சல். ஆனால் ராத்திரி படுத்தபோது தோன்றியது, இந்த நடை பூனைக்குச் சிரிப்பு, ராஜாவுக்கு இன்னும் எவ்வளவு சிரிப்பாக இருக்கும்? "நானே இந்நாட்டின் வேந்தன்!" என்று முழங்கும்போது அவருடைய இடது கால் தரையை விட்டு நாலு அங்குலம் மேலே நின்றால்? ஹைன்ரிஷ் ஃபான் கிளைஸ்ட் 1810இல் பொம்மலாட்டத்தைப் பற்றி ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். மனிதனுக்கு வராத நளினம் பொம்மைக்கு வருகிறது, ஏனென்றால் அதற்குத் தன்னைப் பற்றிய நினைப்பு இல்லை என்பது அதன் சாரம். பெரிய மனிதர், நளினத்தைப் பார்த்தார். நான் கட்டிய பூனையை அவர் பார்த்திருந்தால் கட்டுரை வேறு மாதிரி வந்திருக்கும்.

நூலில் தொங்கும் நாடகத்தில் கதை எழுதுபவனுக்கு எத்தனை இடைஞ்சல் தெரியுமா? கதவு! நம் வீட்டு வாசல் நிலைக்கு மேல்கட்டை உண்டு. பொம்மை மேடையில் மேல்கட்டை வைத்தால் நூல் இடிக்கும். பொம்மை வாசலிலேயே நின்றுவிடும். அதனால் கதவுக்கு மேலே திறந்திருக்க வேண்டும், அல்லது பொம்மை பக்கவாட்டுத் திரை வழியாகத்தான் வர வேண்டும். நீலத்தாடி கதையே ஒரு பூட்டிய கதவின் கதை. ஹான்சல் கிரேட்டல் கதையின் உச்சம் சூனியக்காரியை அடுப்புக்குள் தள்ளுவது; அடுப்புக்கு மேல்பக்கம் திறப்பு இல்லாவிட்டால் சூனியக்காரி பிழைத்துக்கொள்வாள். எழுதுகிறவனுக்கு இலக்கியம் மட்டும் தெரிந்தால் போதாது, தச்சு வேலையும் தெரிய வேண்டும்.

சாப்பாடு இன்னொரு தொல்லை. பொம்மையின் விரல் மூடாது. ஒரு பொருளை எடுக்க வேண்டுமென்றால், கையில் துளையிட்டு, அதன் வழியாக நூலைக் கோத்து, நூலின் நுனியில் பொருளைக் கட்ட வேண்டும். நூலை இழுத்தால் பொருள் கைக்கு வரும். காஸ்பெர்லோ எந்நேரமும் பசியில் இருப்பவன். சாப்பிட முடியாத பொம்மைக்கு எப்போதும் பசி என்று எவன் வைத்தானோ, அவன் மேதை! சாசேஜ் பக்கத்தில் இருக்கும், கை போகும், கிட்டாது. மறுபடி போகும், கிட்டாது. நூல் ஆட்டுபவர் கை தடுமாறினாலும் சிரிப்பு, தடுமாறாமல் வேண்டுமென்றே செய்தாலும் சிரிப்பு.

மனித மேடையில் முடியாத ஒன்று இங்கே தண்ணீர்பட்ட பாடு. பூனைக் கதையின் கடைசியில், கோட்டைக்குச் சொந்தக்காரனான மந்திரவாதியைப் பூனை ஏமாற்ற வேண்டும். யானையாக மாறுவாயாமே? மாறுகிறான். சிங்கமாக? மாறுகிறான். எலியாகவும் முடியுமா, முடியாதல்லவா? மனித நடிகர் எலியாக மாற ஒரு மாதம் ஒத்திகை வேண்டும். பொம்மை மேடையில், திரைக்குப் பின்னால் ஒரு தகரத் தகட்டை உலுக்குங்கள், இடி. விளக்கை ஒரு நொடி அணையுங்கள். மந்திரவாதியை மேலே இழுங்கள், யானையை இறக்குங்கள். யானை மேலே, சிங்கம் கீழே. சிங்கம் மேலே, எலி கீழே. எலியின் நூல் பூனையின் வாய் வழியாகப் போகிறது. இழுத்தால், கபக்! எலி உள்ளே. ஒரு பெரிய சாம்ராஜ்யம் ஒரு நூல் இழுப்பில் முடிந்தது. இந்த இடத்தில் காஸ்பெர்ல் வர வேண்டாமா? வருவான். வந்து, இத்தனை பெரிய யானையாக இருந்தபோதே பிடித்திருந்தால் ஒரு வாரத்துக்குச் சாப்பாடு ஆகியிருக்குமே என்று வருத்தப்படுவான்.

1900இல் மியூனிக் நகராட்சி, ப்ளூமன்ஷ்ட்ராஸ என்ற தெருவில், பொம்மைகளுக்கென்றே ஓர் அரங்கக் கட்டடம் கட்டிக் கொடுத்தது. நெடு நாள் இடம் மாறி இடம் மாறி நாடகம் போட்ட பாப்பா ஷ்மிட்டுக்கு அப்போது எழுபத்தெட்டு வயது. 1912 வரை இருந்தார். போச்சி அதைப் பார்க்கவில்லை, 1876லேயே போய்விட்டார். அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது, நாடகமும் நடக்கிறது. லைப்சிக்கில் நாடு கடத்தப்பட்டவனுக்கு மியூனிக்கில் நகராட்சிச் செலவில் வீடு!

நேரம் ஆகிவிட்டது என்று அமைப்பாளர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறார். ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன். குழந்தைகளில் யாராவது இந்நேரம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. விரல் மூடாத பூனை, பூட்ஸை எப்படி மாட்டிக்கொள்ளும்?

மாட்டிக்கொள்ளாது. மாட்டவே முடியாது. கட்டிப் பார்த்தவன் சொல்கிறேன். அதனால் இரண்டு பூனை செய்ய வேண்டும். ஒன்று வெறுங்காலோடு, ஒன்று பூட்ஸோடு. ஒரே முகம், ஒரே மீசை, ஒரே வால். செருப்புத் தைப்பவர் பூட்ஸைக் கொண்டுவருகிறார். வெறுங்கால் பூனை வாங்கிக்கொண்டு, வெட்கத்தோடு மறைப்புக்குப் பின்னால் போகிறது. அந்தப் பக்கம் ஒருவர் அதைச் சட்டென்று தூக்கி ஆணியில் மாட்டுகிறார். இந்தப் பக்கம் பூட்ஸ் பூனை டக், டக், டக் என்று வெளியே வருகிறது. அரங்கமே கை தட்டுகிறது. வேட்டைக்குப் போவதும், ராஜாவை ஏமாற்றுவதும், எலியை விழுங்குவதும், கடைசியில் மந்திரியாவதும் எல்லாம் இந்த இரண்டாவது பூனைதான்.

முதல் பூனை, எலும்பும் தோலுமாக அந்தப் பையனோடு அழுத பூனை, நாடகம் முடியும் வரை ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். நாளைக்கு மாலை முதல் காட்சிக்கு மறுபடி அதுதான் வர வேண்டும்.